வாய் முந்தி, சத்தம் பிந்தி

டெமோ தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஜெயா மேடம் எழுந்து டிவி அருகே போனார். திரையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரின் வாய்க்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்கோ. வாயைத் தெறந்து மூடியாச்சு. அப்புறம்தான் 'பா'ன்னு வரது. இதை வச்சுண்டு நான் கொழந்தைகளுக்கு என்னத்தைச் சொல்லித் தருவேன்?"

அறையில் எங்கள் கம்பெனியிலிருந்து மூன்று பேர் நின்றோம். முதலாளி விஜயன் சார், டெஸ்டர் செல்வி, புரோகிராமர் நான். மூன்று பேரும் டிவியைப் பார்த்தோம். அவர் சொன்ன பிறகு அது எங்களுக்கும் தெரிந்தது. அதற்கு முன் மூன்று வாரமாகத் தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன். இப்போது மென்பொருள் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது பழங்கதையாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

கேம் பெட்டி

இரண்டாயிரங்களின் தொடக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாளத் தலைநகரில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே ஹோட்டல். காலை பத்து மணிக்கே பரோட்டா வாசனை ஏறி வந்துவிடும். நான் நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். வெப்சைட் செய்து கொடுப்பதுதான் கம்பெனியின் பிழைப்பு. மற்றதெல்லாம் விஜயன் சாரின் ஆசை. அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம்.

ஜெயா மேடம் அதே ஊரில் ஸ்ரீவராகத்துக்காரர். காது சரியாகக் கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் சிறிய நிலையம் ஒன்றை நடத்திவந்தார். பிள்ளைகள் ஹியரிங் எய்டு மாட்டியிருப்பார்கள். அதில் அரைகுறையாக வரும் சத்தத்தையும் எதிரில் பேசுகிறவரின் உதட்டையும் சேர்த்துப் பிடித்துத்தான் ஒரு சொல்லைக் கற்பார்கள். இதற்கென்று எடுத்த பாட வீடியோக்கள் டேப்பில் இருந்தன. டேப்புகள் தேய்ந்து கோடு விழ ஆரம்பித்திருந்தன. அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லை. வளைகுடாவில் இருந்த யாரோ ஒரு நல்ல மனிதர், பிள்ளைகள் விளையாடட்டும் என்று பழைய கேம் கன்சோல்கள் சிலவற்றை அனுப்பியிருந்தார். கறுப்புப் பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க் உண்டு, டிவியில் நேராகச் செருகலாம். "இதுல எங்க பாடத்தைப் போட முடியுமா?" என்று கேட்டார். விஜயன் சார் ஒரு நொடிகூட யோசிக்காமல் முடியும் என்றுவிட்டார்.

பெட்டி கேம் தவிர வேறொன்றையும் ஓடவிடாது. உள்ளே ஒரு குட்டி சிப்பை சால்டர் செய்தால்தான் வெளியாள் எழுதிய புரோகிராமை ஏற்கும். அதைச் செய்தோம். பிறகு ஓப்பன் சோர்ஸில், அதாவது யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இலவசமாகக் கிடைத்த ஒரு மீடியா பிளேயரை எடுத்தேன். அது கம்ப்யூட்டருக்காக எழுதியது. அதைப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றுவதற்குப் பெயர் போர்ட் செய்வது. வீடு மாறுவது போலத்தான். சாமான் அதேதான், புது வீட்டின் வாசல் அளவு மட்டும் வேறு. பீரோ உள்ளே போகாது. எனக்குப் போகாத பீரோ ஆடியோ டிரைவர், அதாவது பெட்டியின் சவுண்ட் சிப்புக்குச் சத்தத்தை எடுத்துக் கொடுக்கும் பகுதி. அதை முழுக்க நானே எழுத வேண்டியிருந்தது.

இடையில் விஜயன் சாருக்கு அந்த பிளேயரின் லைசென்ஸ் விவகாரம் தெரிய வந்தது.

"ஃப்ரீயாயிட்டு எடுத்தோம், சரி. நம்ம எழுதினதையும் ஃப்ரீயா குடுக்கணுமா? இது எந்த ஊரு நியாயம் சுப்பு?"

"எடுத்தவன் குடுக்கணும்னுதான் சார் எழுதியிருக்கு."

"நீ படிச்சது சரிதானா? ஒண்ணு கூடி நோக்கு."

இன்னொரு தடவை பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

செல்வி

செல்வியின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போனக்காடு மலை எஸ்டேட்டில் தேயிலை வேலை. கூலி ஒழுங்காக வராத காலம் அது. அவள் டிப்ளமோ முடித்து எங்களிடம் புரொபேஷனில் சேர்ந்திருந்தாள். சம்பளத்தில் பாதி மலைக்குப் போகும், மீதி ஹாஸ்டலுக்கு. அந்த மாதக் கடைசியோடு புரொபேஷன் முடிகிறது. "வேலை சரின்னு ஜெயா மேடத்தோட சைன்-ஆஃப் வரட்டும், உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் அன்னைக்கே" என்று விஜயன் சார் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். வராவிட்டால் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

முதல் டெமோ கெட்டுத் திரும்பிய அன்று ஆபீசில் விஜயன் சாரின் முதல் கேள்வி அவளுக்குத்தான்.

"எந்தா செல்வீ இது? ரிப்போர்ட்டில வாயும் சத்தமும் சிங்க் ஓகேன்னு எழுதி, கீழே ஒப்பும் போட்டிருக்கே?"

அவள் மேஜை டிராயரைத் திறந்து இரண்டு விசிடிக்களை எடுத்து வைத்தாள். பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரத்தில் விஜயன் சாரே மலிவாக வாங்கி வந்த படம். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த சண்டைப் படம்.

"இதுதான் சார் நீங்க டெஸ்டுக்குத் தந்தது. பாட வீடியோ டெமோ அன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. டப்பிங் படம். இதுல வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்தானே இருக்கும்? ஃபைட்டுலகூட ஆள் விழுந்தப்புறம்தான் அடி சத்தம் வந்துச்சு. டப்பிங்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கும் இடமல்ல அது, ஆனாலும் வந்துவிட்டது. ஏனென்றால் நானும் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவன். விஜயன் சாரும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்து க்ளைமாக்ஸ் வரை பார்த்தவர்தான். உதட்டோடு ஒட்டாத பேச்சைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த கண்கள் எங்களுடையவை. ஒட்டவில்லை என்பதையே நாங்கள் கவனிப்பதில்லை. வேறு ஊரில் இந்த பிளேயரை டெஸ்ட் செய்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார்கள்.

விஜயன் சார் விசிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ரிப்பேர் பண்ணு" என்றார்.

தட்டும் கரண்டியும்

எவ்வளவு சத்தம் இன்னும் ஒலிக்காமல் பஃபர் வரிசையில் காத்துக்கிடக்கிறது என்று என் டிரைவர் பிளேயருக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் பிளேயர் படத்தை நிறுத்தி நிதானித்துக் காட்டும். என் டிரைவர் சொன்ன கணக்கு தப்பு. சரியான கணக்கு எது என்று எனக்கும் பிடிபடவில்லை. விஜயன் சாருக்கு அவசரம். ஆகவே குறுக்கு வழியில் போனேன். படத்தைக் கால் செகண்ட் தாமதப்படுத்தினேன். வாயும் சத்தமும் பொருந்திவிட்டன.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார் சார்.

செல்வி அன்று ஒரு ஹேண்டிகேம் இரவல் வாங்கி வந்தாள். இனிமேல் சினிமாவை நம்ப மாட்டேன், என் படத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மொட்டைமாடியில் கேமராவை நிறுத்தி, முன்னால் உட்கார்ந்து, ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தாள். கொஞ்சம் விட்டு இன்னொரு அடி. நடுவில் "பா, மா" என்று சொல்வாள். ஜெயா மேடத்தின் ஒரு வகுப்பு முக்கால் மணி நேரம் என்பதால் அவளும் முக்கால் மணி நேரம் அடித்தாள். லாட்ஜ் மேனேஜர் மேலே வந்து, "இவிடே எந்தா, பூஜையாணோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வீடியோவைப் பெட்டியில் போட்டுக் கடைசிவரை பார்த்தோம். முதல் பத்து நிமிடம் கரண்டி தட்டில் பட்டதும் சத்தம் வந்தது. பாதியில் லேசாகப் பிந்தியது. முடிவில் கரண்டி மேலே எழும்பிய பிறகுதான் டங் என்றது. பழைய சீக்கு அப்படியே திரும்பி வந்திருந்தது. விசிடியிலும் இந்தச் சறுக்கல் இருந்துதான் இருக்கும். அந்த டப்பிங் படத்தில் அதை யார் கண்டது?

விஜயன் சாரிடம் சொன்னோம்.

"முக்கால் மணிக்கூறும் யாரு உட்கார்ந்து பாக்கப்போறா? டெமோ அஞ்சு மினிட். படம் ஓடுதா, வாய் சேருதா, ஒப்பு. அத்ரே உள்ளூ, அவ்வளவுதான். பாக்கியை அப்புறம் சரியாக்கிக் குடுக்கலாம்." டெஸ்ட் ரிப்போர்ட்டை செல்வி பக்கம் நகர்த்தினார். இந்தத் தடவை கையெழுத்திட்ட ரிப்போர்ட் வேண்டும் என்று ஜெயா மேடம் கேட்டிருந்தார்.

செல்வி பேனாவை எடுக்கவில்லை.

"சார், போன தடவ தெரியாம ஓகே போட்டேன். இப்ப தெரிஞ்சு போச்சே. எப்படி சார் போடுவேன்?"

"அப்போ உன் லெட்டர் விஷயமும் எனக்குத் தெரியாது."

"சரி சார்."

அவ்வளவுதான் சொன்னாள். சார் ரிப்போர்ட்டை என் பக்கம் நகர்த்தினார். "எழுதினவனே டெஸ்ட் பண்ணேன்னு போட்டா மேடம் ஒத்துக்க மாட்டாங்க சார்" என்று நழுவினேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு அப்போது அவள்மேல் எரிச்சல்தான். ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். சார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மண்டே வரை டைம்" என்று எழுந்து போனார்.

படியிறங்கும்போது கேட்டேன். "என்ன மக்கா இப்படிப் பண்ணிட்ட? வேலை போனா வீட்டுல என்ன சொல்லுவ?"

"என்னத்தச் சொல்ல அண்ணே. அந்தப் பிள்ளைங்களுக்குக் கேக்குறதே கொஞ்சம். அதையும் நாம தப்பாக் குடுத்தா, அதுக தன் காதுதான் தப்புன்னுல்ல நினைக்கும்."

ரயிலில் உட்கார்ந்தபின் அந்த வார்த்தை கூடவே வந்தது. பாறசாலை தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரிதான். எரிச்சல் போய், பயம் வந்தது.

மறுநாள் அந்த பிளேயரை எழுதியவர்களின் மெயிலிங் லிஸ்டில் என் டிரைவரில் கணக்கு வரும் துண்டை மட்டும் போட்டு, எங்கே தப்பு என்று கேட்டேன். எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாத ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார். மிச்சத்தை என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கோளாறு. பாட வீடியோவிலும் செல்வியின் வீடியோவிலும் சத்தம் ஒரு வேகத்தில் பதிவானது, பெட்டியின் சவுண்ட் சிப் வேறொரு வேகத்தில் ஓடுவது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது ஒவ்வொரு துண்டிலும் துளி மிச்சம் விழும். அந்த மிச்சத்தை அடுத்த துண்டின் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். துளித் துளியாகச் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் கால் செகண்ட் ஆயிற்று. மிச்சத்தைச் சேர்த்தேன், பஃபர் கணக்கையும் திருத்தினேன், குறுக்கு வழியைத் தூக்கி எறிந்தேன். செல்வியின் வீடியோவைத் திரும்பப் போட்டோம். கடைசி அடிவரை கரண்டியும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. அவள் அதை இன்னும் இரண்டு பெட்டிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாரிடம் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வகுப்பு

திங்கட்கிழமை ஆட்டோவில் போனோம். விஜயன் சார் டிரைவரிடம், "வெயிட் செய்யணும் கேட்டோ, அஞ்சு மினிட், இப்போ வராம்" என்றார்.

உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயா மேடம் ரிப்போர்ட்டை வாங்கி, படிக்காமலே மேஜைமேல் வைத்தார்.

"டெமோன்னு தனியா ஒண்ணும் வேண்டாம். இன்னிக்குக் கிளாஸை இதுலயே எடுக்கறேன். முழுசா முடியட்டும், அப்புறம் சொல்றேன். நீங்களும் உக்காருங்கோ."

விஜயன் சார் என்னைப் பார்க்கவில்லை. செல்வியைப் பார்த்தார். பிறகு மெதுவாக வெளியே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தார். நாற்காலி வேறு இல்லை. பிள்ளைகளின் குட்டி பெஞ்சின் ஓரத்தில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பு முடியும் தறுவாயில் ஜெயா மேடம் ஒரு அட்டையால் திரையில் டீச்சரின் வாயை மறைத்தார். பிள்ளைகள் சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். சிலர் சொன்னார்கள், சிலர் விழித்தார்கள். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் குழந்தை, காதிலிருந்த எய்டைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "மா" என்றது. ஜெயா மேடம் அட்டையை எடுத்தார். திரையில் டீச்சரின் உதடு மறுபடி சேர்ந்து பிரிந்தது, அந்தக் கணமே "மா" வந்தது. குழந்தை தான் சொன்னது சரி என்று தெரிந்து திரும்பி எங்களைப் பார்த்தது. குறுக்கு வழியில் விட்டிருந்தால் சரியாக அந்த இடத்தில்தான் உதடு ஒன்று காட்டிச் சத்தம் வேறாக வந்திருக்கும்.

வகுப்பு முடிந்ததும் மேடம் சைன்-ஆஃபில் கையெழுத்துப் போட்டார். "கடைசி மட்டும் நன்னா இருந்தது" என்றார்.

திரும்பும்போது ஆட்டோ இல்லை, பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் விஜயன் சார் கேட்டார்.

"செல்வீ, அன்னைக்கு நீ ஒப்பு போட்டிருந்தா இன்னைக்கு என் காரியம் என்னாகியிருக்கும்?"

"உங்க காரியம் தெரியல சார். நான் இந்நேரம் போனக்காடு பஸ்ல இருந்திருப்பேன்."

ஆபீசுக்கு வந்ததும் சாரே உட்கார்ந்து அவளுடைய லெட்டரை டைப் செய்தார். லைசென்ஸ் சொன்னபடி டிரைவர் முழுவதையும் மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்பட்டுமா என்று அந்த நல்ல நேரத்தில் கேட்டேன். "அனுப்பு, அனுப்பு. ஒரு வரி பதில் போட்டவனுக்கு ஒரு தேங்க்ஸும் போடு" என்றார்.

அதன் பிறகு பல கம்பெனிகள் மாறினேன். டீம்களை நடத்தினேன். டெஸ்ட் முடிந்தது, எல்லாம் ஓகே என்று யாராவது வந்து நின்றால் நான் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை. எந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அது பேங்க் சாஃப்ட்வேராக இருந்தாலும் அதே கேள்விதான். நமக்குப் பழகிய கோணலை வைத்து டெஸ்ட் செய்தால் கோணல் நேராகத்தான் தெரியும். கடைசி நிமிடம்வரை ஓட்டினீர்களா என்பது இரண்டாவது கேள்வி. அது செல்வியுடையது, நான் இரவல் வாங்கியது.