மிஸ் கேட்ட ஒரு நிமிடம்

அந்த அம்மாள் எங்கள் தெருவில் வந்து இறங்கிய அன்று, சீனாவிலிருந்து சங்கு வாங்க ஆள் வந்திருக்கிறது என்று செய்தி பரவி, இரண்டு வீடுகளில் சங்கைக் கழுவிக் காயப்போட்டுவிட்டார்கள். அவர் சங்கு வாங்கவும் வரவில்லை, சீனாவிலிருந்தும் வரவில்லை. பிறந்து வளர்ந்தது அமெரிக்கா, பெற்றவர்கள்தான் சீனக் கடற்கரையிலிருந்து பிழைக்கப் போனவர்கள், தொழில் படம் எடுப்பது என்று என் மாமா வீடு வீடாகப் போய் விளக்கினார். மாமா அம்மாவின் அண்ணன். தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு ஆபீஸ் வேலை என்பதால் இங்கிலீஷ் பேசுவார். படம் என்றதும் கதாநாயகன் யார் என்று கேட்டார்கள். என் அப்பா என்று தெரிந்ததும் தெருவே சிரித்தது.

அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். விடியுமுன் படகில் போய், மேலிருந்து காற்று வரும் மூச்சுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் இறங்கி, சங்கு பொறுக்கிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் திரும்புவார். அந்த அம்மாளும் மூன்று வாரம் கூடவே போய், வாந்தி எடுத்துக்கொண்டே படம் எடுத்தார். எனக்கு எட்டு வயது. நோட்டும் கையுமாக இருக்கும் பெண்களையெல்லாம் மிஸ் என்று கூப்பிடப் பள்ளிக்கூடம் பழக்கியிருந்ததால், அவரும் எனக்கு மிஸ் ஆனார்.

மிஸ்ஸுக்கு ஐம்பது வயது இருக்கும். பாதி வாழ்க்கையைக் காமிராவோடு கழித்தவர். அவர் படங்களில் நடிகர் கிடையாது, பாட்டு கிடையாது. சிப்பி உடைக்கிறவர்கள் சிப்பி உடைப்பார்கள், ரயில்பெட்டி கழுவுகிறவர்கள் ரயில்பெட்டி கழுவுவார்கள், இவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இதையெல்லாம் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அம்மா கேட்டாள். மாமா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். அநேகமாக யாரும் பார்ப்பதில்லை என்று மிஸ் சிரித்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர்மேல் ஒரு பாசம். நல்ல மீன் துண்டு அப்பா தட்டைத் தாண்டி அவர் தட்டுக்குப் போயிற்று.

ஆனால் காமிரா முன்னால் மட்டும் அம்மா வர மாட்டாள். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான். "கடலுக்குப் போறது அவுக. என்னைய எடுத்து என்ன செய்யப் போறிய?" சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள்.

கடைசி நாள் சாயங்காலம் அப்பாவை முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். அப்பா நன்றாகத்தான் பேசினார், கொஞ்சம் புளுகவும் செய்தார். முடிந்ததும் மிஸ் ஏதோ கேட்க, எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக இருக்க வேண்டுமாம் என்று மாமா சொன்னார். உடனே அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். மொழிபெயர்த்த மாமாவும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டு, யாருக்காக என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு நிமிட மௌனம் என்றால் செத்தவர்களுக்குத்தான். மிஸ் பதறிப்போனார். யாரும் சாகவில்லை, யாரும் பேசாதபோதும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சத்தம் உண்டு, படத்தை வெட்டி ஒட்டும்போது பேச்சுக்கு அடியில் விரிப்பதற்கு அது வேண்டும் என்று விளக்கினார். அப்பா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அம்மா சிரிக்கவில்லை. குசினி வாசலில் வந்து நின்றாள்.

"விடிஞ்சா கடலுக்குப் போற மனுசன உக்கார வச்சிக்கிட்டு மௌனம் இருக்கதா? வேண்டாம்ண்ணே."

மூன்று மாதத்துக்கு முன்தான் பக்கத்துத் தெருவில் ஒருவர் கடலடியில் மூச்சுக்குழாய் அறுந்து இறந்திருந்தார். கோயில் முற்றத்தில் ஊரே மௌனம் நின்றது. அவர் மகள் என் வகுப்பு. விருந்தாளிக்கு முன்னால் அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. அது மிஷினுக்குத்தான், பேசாமல் இரு என்று அம்மாவை அடக்கினார். அம்மா உள்ளே போனாள். போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பு இனி என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மிஸ் விரலை உயர்த்தினார். அறை அடங்கியது. நான் இருமினேன். மறுபடி விரலை உயர்த்தினார், மறுபடி இருமினேன். அப்பா முறைத்தார். மூன்றாவது தடவை, காசநோய்க்காரர்களே தோற்றுப்போகும்படி இருமினேன். குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏளா, இருமுனது போதும். இங்கன வா, கருப்பட்டி தாரேன்."

ஓடினேன். அம்மா ஒரு துண்டு கருப்பட்டியை என் வாயில் போட்டு, தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது மிஸ் என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று பார்த்தால், தன் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். மின்விசிறியின் கடகடப்பும் காக்கையும் அம்மாவின் வளையலும் பக்கத்தில் கேட்டன. பிறகு மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கதை சொன்னார். அவருடைய அம்மா அமெரிக்காவில் ஒரு சட்டைக் கம்பெனியில் தைத்தவர். மிஸ்ஸின் முதல் படமே அந்தக் கம்பெனியைப் பற்றித்தான். காமிரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த அம்மா குனிந்துகொண்டாராம். படம் முழுக்கத் தேடினாலும் முகம் கிடையாது. "நாப்பது மிஷின் ஓடுற சத்தத்துல எங்கம்மா மிஷின் எதுன்னு எனக்குத் தெரியும்னு சொல்றாக" என்று மாமா சொல்லி முடித்தார்.

இவ்வளவு பெரிய காமிராவை வைத்துக்கொண்டு பெற்ற தாயைப் பிடிக்கத் தெரியவில்லையே என்று நான் பரிதாபப்பட்டேன். வாயில் கருப்பட்டி இருந்ததால் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா கடலுக்குப் போய், நேரத்துக்குத் திரும்பி வந்தார். அது என்னால்தான் என்று யாரிடமும் சொல்லாமல் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் அவள் இல்லை. கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. அப்போது எங்கள் வீட்டில் இருந்த செல்போன் பேச மட்டுமே உதவும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் குரல் எனக்கு மறந்துபோயிற்று. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மிஸ் தபாலில் அனுப்பிய படம் எங்களுக்கு வந்து சேரவே இல்லை. போன வருஷம், எழுபதைத் தாண்டிய மிஸ், தன் படங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தியபோது மாமாவைத் தேடிப்பிடித்து அதை போனுக்கு அனுப்பினார். அப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். படகு, கடல், அப்பாவின் புளுகு. பிறகு, எப்போது எடுத்தாரோ, ஆளில்லாத எங்கள் முன்னறை, சுவரில் மாதா படம். மின்விசிறி கடகடத்தது. யாரோ ஒரு பிள்ளை பொய்யாக இருமியது.

"ஏளா, இருமுனது போதும். இங்கன வா, கருப்பட்டி தாரேன்."

அந்த ஒரு நிமிடத்தை மிஸ் வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார். நெடுங்காலம் சங்கு குளித்ததில் அப்பாவுக்கு ஒரு காது போய்விட்டது. நல்ல காதைப் போனோடு ஒட்டிவைத்துக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார்.

கடலுக்குப் போகிறவர்கள் திரும்பி வராமல் போகலாம் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். குசினியில் இருப்பவர்களும் போய்விடுவார்கள் என்றுதான் தெரியாது.