டாக்டரம்மாவின் கழுத்து

டாக்டர் நஃபீசாவின் கழுத்தைப் பார்த்துத்தான் உக்கடம் மேம்பாலத்துக்கே வளைவு வைத்தார்களாம். அப்படியொரு வளைவு உலகத்தில் வேறெந்தப் பல் டாக்டருக்கும் கிடையாதென்று அவர் மகள் யுஸ்ரா தெருவெல்லாம் பெருமையடித்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கு கவிழ்த்துவிட்டதால் பெருமையடிக்க அவளுக்கு நிறைய நேரம் இருந்தது.

வளைத்தது என்னவோ மரியாதைதான். மதுக்கரை அப்புசாமியை நாற்காலியில் சாய்க்கப் போனால் பதறி எழுந்துவிடுவார்.

"ஏனுங்க டாக்டரம்மா, உங்க முன்னாடி காலை நீட்டிப் படுக்கறதுங்களா? இப்படியே பாருங்க!"

"சரிங்க, உக்காந்துக்குங்க."

விறைப்பாக உட்கார்ந்தவரின் வாய்க்குள் எட்டிப் பார்க்க நஃபீசா கொக்கிபோல் வளைவார். வருகிறவர்கள் பாதிப்பேர் அப்புசாமிகள்தான். சாயங்காலமானால் டாக்டருக்குக் கழுத்து வலித்து, விரல்கள் மரத்து, டீ டம்ளர் நழுவும்.

"பேஷண்ட்டப் படுக்க வெச்சுப்போட்டு நீங்க நிமிந்து உக்காருங்க டாக்டர். இல்லீன்னா சீக்கிரமே கிளினிக்க மூட வேண்டியதுதானுங்க" என்று பிசியோதெரபிஸ்ட் மோகனப்பிரியா சொல்லிவிட்டார். ஆனாலும் பெரியவர்களைப் பார்த்து "படுங்க" என்று சொல்ல நஃபீசாவுக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யுஸ்ரா ஏணி போட்டு ஏறி, நாற்காலிக்கு மேலே சீலிங்கில் ஒரு சார்ட்டை ஒட்டினாள். 'டாக்டரின் ரகசியங்கள்' என்ற தலைப்பு உட்கார்ந்தாலே தெரியும். மற்றதெல்லாம் பொடி எழுத்து. மல்லாந்து படுத்தால்தான் படிக்க முடியும். அம்மா பார்த்துவிடுவாரோ என்ற பயமே அவளுக்கு இல்லை. சீலிங்கை அண்ணாந்து பார்க்கிற கழுத்தா அது?

மறுநாள் அப்புசாமியே, "இன்னுங் கொஞ்சம் சாய்ச்சு உடுங்க" என்றார். படுத்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

பிறகு, கேட்காமலேயே தலையை நஃபீசா பக்கம் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் அப்படியே செய்தார்கள். நஃபீசா நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தார். மழைக்காலம் முடிவதற்குள் டம்ளர் நழுவுவது நின்றுவிட்டது.

ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில், தலையைச் சுகமாகப் பின்னால் சாய்த்துச் சோம்பல் முறித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"யுஸ்ரா! இங்க வா."

அவள் வந்தபோது அம்மா நாற்காலியில் மல்லாந்து படுத்து, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"'பீரோவுக்குள் மைசூர்பா ஒளித்து வைத்துத் தின்பார். சில நாள் பல் விளக்காமலே தூங்கிவிடுவார்.' யாருடி ஒட்டினது?"

"எனக்கென்னம்மா தெரியும்? யாராச்சும் பேஷண்ட் ஒட்டியிருப்பாங்க."

"அப்படியா?" அம்மா கடைசி வரிக்குக் கண்ணைச் சுருக்கினார். "'தலையை டாக்டர் பக்கம் திருப்பிக் கொடுங்க. எங்கம்மாவுக்குக் கழுத்து வலி.' நான் எந்தப் பேஷண்ட்டுக்கு அம்மா, கண்ணு?"