எங்கே தவறு என்று சொல்லாத பதில்

“வரிசையில நிக்க வேண்டாங்க. மேல வாங்க. மேரி போயிட்டா.”

ஆரோக்கியமேரி அக்காவின் கணவர் போனில் இதைச் சொன்னபோது, நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், காப்பீட்டு கவுண்டர் முன் நின்றிருந்தேன்.

அக்காவுடன் வேலை செய்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்காரர்கள் லோடு பிடிக்கும் நம் செயலிக்குப் பின்னால் இருந்து பதில் சொல்லும் சர்வர் நிரல் அவர் திருத்தி எழுதியது. அவர் வருவதற்கு முன் அந்த சர்வருக்கு மறுக்கத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான்: ‘செல்லாத கோரிக்கை’. டிரைவர் வண்டி எண்ணைத் தப்பாக அடித்தாலும் அதே, நம் டேட்டாபேஸ் படுத்துவிட்டாலும் அதே.

சங்ககிரியிலிருந்து ஒரு டிரைவர் கூப்பிட்டார். “ஏனுங்க சாமி, காத்தால இருந்து செல்லாதுங்குது. ஊட்ல பொண்டாட்டி சொல்றது பத்தாதுன்னு உங்க சிஸ்டமும் சொல்லுதுங்க.” அக்கா சிரித்துக்கொண்டே தேடினார். குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் டிரைவர் தன் அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டிருந்தார். வேறென்ன போடுவார்? நம் பக்கத்தில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? ஒற்றை எழுத்தென்றால் தள்ளிவிடு என்று எவனோ எழுதிய விதி அவரைத் தள்ளியிருந்தது.

“தப்புன்னா தப்புதானுங்க மேரி. டிரைவருக்கு எதுக்கு இத்தனை வெளக்கம்?” என்றார் மேலாளர்.

“குத்தம் அவருதா நம்முளுதான்னு மொதல்ல சொல்லணுங்க. அவருதுன்னா எந்த எடம்னு காட்டணும். நம்முளுதுன்னா அவர் தலையில கட்டக் கூடாது.”

அக்கா அந்த விதியை நீக்கினார். அனுப்பியவர் பக்கத் தவறான நானூறு வரிசைப் பிழை என்றால் எந்தக் கட்டம், எப்படித் திருத்துவது என்றும், சர்வர் பக்கத் தவறான ஐந்நூறு வரிசை என்றால் ‘தவறு எங்களுடையது’ என்றும் பதில் போக வைத்தார். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பதிவுக்குத் தன் பெயரையே கொடுத்தார். குடும்பப் பெயர்: ச. “சவரிமுத்து மகளத் தள்ளுற சர்வர் நமக்கு வேண்டாம்டா.”

போன வாரம் அவர் வயிற்றில் சீழ் பரவியிருந்தது. காப்பீட்டு ஒப்புதல் வந்தால்தான் அறுவை சிகிச்சை என்றார்கள். அனுப்பினார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வரிலிருந்து ‘செல்லாத கோரிக்கை’ என்று வந்தது. மறுபடி அனுப்பினார்கள். அதே. “சிஸ்டம் எடுக்கலைங்க, ஏன்னு எனக்குந் தெரியலைங்க” என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அவளைத் திட்டி என்ன பயன்?

அக்கா படுத்தபடியே நான் போனில் படமெடுத்து வந்த அந்தப் பதிலைப் பார்த்தார். “அந்த ஒத்தை எழுத்தாத்தாண்டா இருக்கும். அப்பா பேர முழுசாப் போடச் சொல்லு.” கீழே ஓடினேன். ஆதாரில் உள்ளபடிதான் போட முடியும் என்றார்கள். அதிகாரியைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, அனுமதி வாங்கி, மறுபடி வரிசையில் நின்றேன். அப்போதுதான் போன் வந்தது.

தாமதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். தாமதம் காரணமில்லை என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? அந்தப் பதிலில் ஒரு மனிதப் பெயர் கிடையாது. யாரும் மறுக்கவில்லையாம், சிஸ்டம்தான் எடுக்கவில்லையாம். இப்படி ஒருவரைச் சாகவிட்டுவிட்டு எல்லோரும் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய சோதனைப் பதிவு. நிரலில் எதைத் தொட்டாலும் அது ஓடும். அடக்கம் முடிந்து அலுவலகம் திரும்பிய அன்று ஓட்டினேன். ஆரோக்கியமேரி, ச. நம் சர்வர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

‘ஏற்கப்பட்டது’ என்றது.