பதில் வந்தால்தான் அடுத்த வரி

ஒரு வரி பாடுவாள், நிறுத்துவாள். இடுப்பில் கைவைத்து எதிரே இருக்கிறவர்களைப் பார்ப்பாள். "ஆமென்" என்றோ "சொல்லு தாயி" என்றோ யாராவது குரல் கொடுத்தால்தான் அடுத்த வரி வரும். டெல்ஃபின் பௌன்சிக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம். மெம்பிஸ் நகரத்தில் எங்கள் திருச்சபையில் முதன்முதலாக அவளைப் பழப்பெட்டி மேல் ஏற்றிப் பாடவிட்டபோது, முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மூப்பரைப் பார்த்து, "என்ன மாமா, பதிலே காணோம்?" என்று கேட்டுவிட்டாள். அன்று விழித்த மனிதர், அவள் பாடினால் இன்றைக்கும் கண்ணை மூடுவதில்லை.

பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். பாடுவதற்கு முன் ஊறவைத்த வெள்ளரிக்காயில் பெப்பர்மிண்ட் மிட்டாயைச் செருகி உறிஞ்சுவாள். தொண்டைக்கு நல்லதாம். நானும் ஒருமுறை முயன்றேன். எனக்கு வயிற்றைத்தான் கலக்கியது.

பீர் கிளப்பில் சனிக்கிழமைதோறும் அவள் பாடும் பாட்டை முதல் இசைத்தட்டாக்க ஸ்டூடியோவுக்குப் போனோம். சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கே தும்மக்கூடக் கூடாது. டெல்ஃபின் ஒரு வரி பாடினாள், நின்றாள். மறுபடி ஒரு வரி, மறுபடி நின்றாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "எழவு வீட்டுலகூட யாராச்சும் வாயத் திறப்பாங்க. இங்க என்னய்யா?" என்றாள் டெல்ஃபின். பொறுக்கமுடியாமல் ஆர்கன் வாசித்த நானே "சொல்லு தாயி" என்று கத்தினேன். பாட்டு ஓடியது. என் குரலும் இசைத்தட்டில் ஏறிவிட்டது. இப்போது முடிவெட்டும் கடைக்குக் கடை நான் கத்துகிறேன். ஞாயிறு சபையில் வாசிக்கிறவன் சனிக்கிழமை எங்கே வாசிக்கிறான் என்பது போதகருக்கும் தெரிந்துபோயிற்று.

என் மானம் கிடக்கட்டும். டெல்ஃபினின் அம்மா லூவீனியா அக்காதான் சபைப் பாடகர் குழுவுக்குத் தலைவி. "கர்த்தர் குடுத்த தொண்டைய பீர் கடையில கழுவுறியா? என் குழுவுல இனி உனக்கு இடமில்ல" என்று சொன்னதோடு மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சொல்லவேண்டியதை எல்லாம் பூனையிடம் சொல்கிறாள்: "சோளரொட்டி அடுப்புல இருக்குன்னு அவகிட்ட சொல்லு."

ஊரே ஆமென் சொல்கிறது. ஆனாலும் டெல்ஃபினுக்குச் சோறு இறங்குவதில்லை. "அம்மா ஒரு வார்த்த சொல்லாம நான் எப்படிண்ணே மேல போறது?" என்று என்னிடம் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

போன சனிக்கிழமை சாயங்காலம், சபைத் தொப்பியோடு லூவீனியா அக்கா கிளப்புக்குள் வந்து முன்மேசையில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, முகத்தில் இடி. டெல்ஃபின் ஒவ்வொரு வரிக்கும் நின்று அவளையே பார்த்தாள். கூட்டம் கத்தியது; அக்கா உதட்டைப் பிரிக்கவில்லை. அக்கா வேலைபார்க்கும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு நேரமாகிவிட்டது. பாட்டின் நடுவில் எழுந்தாள். டெல்ஃபினின் குரல் உடைந்தது. ஆர்கனில் என் விரலும் தப்பான கட்டையில் விழுந்தது.

எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே எழுந்துபோக நேர்ந்தால், ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆள்காட்டி விரலை உயர்த்திக் குனிந்து நடப்போம். சினிமாக் கொட்டகையிலோ பந்தயத் திடலிலோ யாரும் அப்படிச் செய்வதில்லை.

பீர் மேசைகளுக்கு இடையே லூவீனியா அக்கா மெல்லக் குனிந்தாள். ஆள்காட்டி விரலை உயர்த்தினாள். வாசல் தாண்டும்வரை அதை இறக்கவில்லை.