காருக்குள் பூட்டிய போன்

அந்தச் சித்திரையில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. தருமபுரியில் வாரம் முழுக்க அலுவலகக் கணினியைப் பார்த்துக் கண் எரிந்துபோய், ஞாயிற்றுக்கிழமைகளில் போனைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். எடுத்ததோடு சும்மா இருந்தேனா? பார்க்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம். என் தலையைக் கண்டாலே மகள் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள்.

அப்படி ஒரு ஞாயிறு காலை, மகளைக் கூட்டிக்கொண்டு காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பியின் தோட்டத்துக்குப் போனேன். தம்பி பொம்மிடியில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தான். அவன் மனைவி கையில் போனோடு வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு யாருக்கும் போன் கிடையாது. குன்றுக்குப் போய்க் காத்தாட உக்காந்துட்டு வருவோம்" என்று கையை நீட்டினேன்.

"இது அவரோடதுங்க அண்ணி. மோட்டாரு..."

"மோட்டாரு உன்னைக் காணோம்னு அழுதுடாது. குடு."

கொடுத்துவிட்டாள். நான் அவள் கணவனின் அக்கா. என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். மூன்று போன்களையும் காருக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

குன்றின் மேல் நன்றாகத்தான் இருந்தது. வேப்பமரத்து நிழல், தவிட்டுக்குருவிகளின் சண்டை, கீழே மாந்தோப்புகள். மகள்கூட வாய்விட்டுப் பேசினாள். தம்பி மனைவி மட்டும் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு எட்டு வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேனுங்க அண்ணி" என்று எழுந்தாள்.

"போன் இல்லாம கை நமநமங்குதா?" என்றேன். மகள் சிரித்தாள். அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

கீழே இறங்கும்போது மணி இரண்டு. அவள் வீட்டுக்குள் போகவில்லை, நேராக வயலுக்கு ஓடினாள். பின்னாலேயே போன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தக்காளி நாற்று நட்டு அன்று மூன்றாம் நாள். வேர் பிடிக்க உயிர்த்தண்ணீர் விட்டே ஆக வேண்டும். மோட்டார் ஓட்டும் கரண்ட் காலையில் மூன்று மணி நேரம்தான். அது வந்ததும், கிணற்றடியில் சிம் கார்டு போட்ட மோட்டார் பெட்டியிலிருந்து தம்பியின் போனுக்கு அழைப்பு வரும். எடுத்து ஒரு பட்டனை அமுக்கினால் தண்ணீர் பாயும்; போன் இல்லையென்றால் ஆளே கிணற்றடிக்குப் போய்ப் போட வேண்டும். இப்போது கரண்ட் போய்விட்டது. அரை ஏக்கர் நாற்றும் வெயிலில் துவண்டு மண்ணோடு படுத்திருந்தது.

காரைத் திறந்து போனைக் கொடுத்தேன். 'மோட்டார்' என்ற பெயரில் வரிசையாக எடுக்காத அழைப்புகள். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் வண்டி வந்து நின்றது. அவள் கட்டைவிரலால் அவற்றை அவசரமாக அழித்தாள்.

வயலைப் பார்த்துவிட்டு வந்தவன் கத்தினான். "ஒரு பட்டனை அமுக்கறதுக்கு என்னா கேடு உனக்கு? காலையில அவ்வளவு சொல்லிட்டுத்தான போனேன்?"

"தூங்கிட்டனுங்க" என்றாள்.

என் மகள் என்னைப் பார்த்தாள். கார் சாவி என் கையில்தான் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "பாவம், விடுடா. தெரியாம நடந்துபோச்சு."

மன்னித்துவிடச் சொல்லிச் சிபாரிசு செய்கிறேனாம். இதை எழுதும்போதும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தம்பியும் அவளும் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்ற ஆரம்பித்தார்கள். நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் கிளம்பிவிட்டேன்.

மறுவாரம் தம்பியின் போனுக்குக் கூப்பிட்டு அவளிடம் மட்டும் பேசினேன். "பாதி பொழைச்சுக்கிச்சுங்க அண்ணி. அவருகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க. அக்கா தம்பிக்குள்ள எதுக்குங்க மனஸ்தாபம்" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சொல்லாமலே இருந்துவிட்டேன்.

தம்பி அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டான். பொங்கலுக்குப் போயிருந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் இருக்க, "ஏ தூங்குமூஞ்சி, அக்காவுக்குச் சாம்பார் ஊத்து" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் குனிந்து என் இலையில் ஊற்றினாள். நானும் சிரித்தேன்.