டெய்லரம்மா தைத்த உறை

டெய்லரம்மாவுக்கு எந்தப் பொருளும் வெறும் மேனியாக இருந்தால் பொறுக்காது. மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட உறை. "கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தா எனக்கும் அளவெடுத்துடுவா" என்று அவள் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டுக்கு இன்டர்நெட் வந்த அன்றே மோடத்துக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து, பஞ்சு வைத்து, ஓரத்தில் சுருக்கம் வைத்து ஒரே உறையாகத் தைத்துப் போட்டுவிட்டாள்.

அவள் இன்டர்நெட் வாங்கியதே வீடியோவில் தையல் சொல்லிக்கொடுக்கத்தான். எட்டுப் பெண்கள் ஆசையாகச் சேர்ந்தார்கள். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும், ஜாக்கெட்டில் கை வைக்கும் இடம் வந்ததும் படம் அப்படியே நின்றுவிடும். மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். "கை வைக்கிற வரைக்கும் வரவே மாட்டீங்களாக்கா?" என்று ஒருத்தி கேட்டது அவளைச் சுருக்கென்று தைத்தது. இன்னொரு வகுப்பு இப்படிப் போனால் மிச்சப் பேரும் இருக்க மாட்டார்கள்.

இன்டர்நெட் கம்பெனி லைன்மேன் இரண்டு தடவை வந்தார். வெளியாள் வருகிறார் என்றால் அழுக்கு உறை இருக்கலாமா? கழற்றி ஊறப்போட்டுவிடுவாள். "கம்பி நல்லாருக்கு, லைட்டும் எரியுது. உங்க நெட் என்னைப் பார்த்தா மட்டும் ஒழுங்கா நடந்துக்குதுக்கா" என்று தலையைச் சொறிந்துகொண்டு அவர் போவார். உறை காய்ந்ததும் இவள் மறுபடி போட்டுவிடுவாள். படம் நிற்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்துப் போடுவார். சற்று ஓடிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கும் கைத்துண்டைப் பிடித்திருந்தபோதே படம் நின்றது. வந்த ஆத்திரத்தில் ஓடிப்போய் உறையோடு பெட்டியைத் தூக்கினாள். அடியில் பட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, இங்க வாங்க! இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குதுங்க! நாந்தான் போத்திப் போத்தி இதை வேக வெச்சிருக்கேன்!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே உறையை உருவி எறிந்து, துணி வெட்ட அளவு வரைந்து வைத்திருந்த காகிதத்தால் பெட்டிக்கு விசிறினார். சூடு ஆறி, விளக்கெல்லாம் எரிந்து, படம் வந்தது. ஐந்து பேரும் போகாமல் காத்திருந்தார்கள்.

கை வைத்து முடித்தாள். "இப்ப நீங்க காட்டுங்க" என்றாள். திரையில் ஐந்து ஜாக்கெட்டுகள் உயர்ந்தன. தன் மாணவிகளின் தையலை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒருத்தி கையை உள்பக்கம் வெளியே வரும்படி வைத்திருந்தாள்.

"தப்பாயிடுச்சாக்கா?"

டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பிரிச்சுட்டு மறுபடி வைம்மா. மெதுவா வை. நான் இங்கதான் இருக்கேன்."