மஞ்சள் கார் ஆடிய ஆட்டம்

போன வாரம் என் ஸ்கூட்டர் பஞ்சர். கடைக்காரர் ஒட்டி முடித்துவிட்டு, "அக்கா, டயருக்குள்ள லிக்விட் ஊத்திரவா? கருவை முள்ளு குத்துனாலும் காத்து எறங்காது" என்று டப்பா மூடியைத் திருகினார். அவ்வளவுதான். அழுகிய ரப்பரும் பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்தும் சேர்ந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. "ஐயோ சாமி, மொதல்ல மூடுங்க!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடுரோட்டுக்கே ஓடிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும். எனக்கு நாய் மூக்கு. "ஒன்னயப் போலீஸ்ல சேத்து விட்டுருக்கலாம்" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த நாற்றம் எனக்கு வெறும் நாற்றமில்லை, எங்கள் அண்ணனின் கார். துபாயில் ஓர் அரபி வீட்டு டிரைவர் அவன். அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஸ்போர்ட்ஸ் கார்களைக் கழுவிக் கழுவி அவனுக்கும் ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. அதே மாதிரி ஒன்று வாங்க வேண்டும், பக்கத்தில் அப்பாவை உட்கார வைத்து மீமிசல் கடற்கரை வரைக்கும் பறக்க வேண்டும். ஒரு லீவில் சென்னையில் பழசாக ஒன்றை வாங்கியே விட்டான்.

மஞ்சள் நிறம். தரையோடு தரையாகத் தவழும். ஊருக்குள் வேகத்தடை வந்தால் நான் இறங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடி தட்டும். முன் சீட்டு அப்பாவுக்காம்; பின் சீட்டு என்று பேருக்கு ஒன்று, அதில் என்னைப் புளிமூட்டை மாதிரி திணிப்பான். இந்தக் கண்ணராவிக்கா பாலைவனத்தில் காய்ந்தாய் என்று கேட்க நாக்கு துடிக்கும். ஆனால் ஓட்டம் என்னவோ வெண்ணெய்தான். வீட்டுச் சந்தில் சில நாள் நின்ற பிறகுதான் பிடித்தது சனி. எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங், குளிர்காய்ச்சல்காரன் கை போல வெடவெடவென்று நடுங்கியது.

"ஆட்டம் நிக்கட்டும்ப்பா, பெறகு ஏறுறேன்" என்று அப்பா நழுவினார்.

சக்கரத்தில் ஒரு பக்கம் இம்மி கனம் கூடினாலும் வேகத்தில் உதறுமாம். எதிர்ப்பக்கம் ஈயத்துண்டு ஒட்டிச் சரிசெய்வார்கள், அதுதான் வீல் பேலன்சிங். அறந்தாங்கிக் கடையில் ஒட்டு ஒட்டென்று ஒட்டி அனுப்பினார்கள். ஆட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. சரி, புதுக்கோட்டையில் பெரிய கடைக்குப் போவோம் என்றான் அண்ணன். அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வந்துர்றேன். சரியாயிருச்சுன்னா வரும்போது கார்ல வாரேன்" என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

கடையில் சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கணக்குக் காட்டியது. "மெஷினுக்குக் கிறுக்கா, ஒங்க டயருக்குக் கிறுக்காண்ணே?" என்று மெக்கானிக் டயரைப் பிரித்தார். கொழகொழவென்று பச்சையாக, மூக்குச் சளி மாதிரி, உள்ளேயிருந்து வழிந்தது. கூடவே அந்த நாற்றம். காலையில் தின்ற இட்லியை வாசல் குரோட்டன்ஸ் செடிக்கு ஊட்டிவிட்டு நான் நிமிர்ந்தபோது அண்ணன் கத்திக்கொண்டிருந்தான்.

"எந்தக் கூமுட்ட பாத்த வேல இது? உள்ள இது ஓடிக்கிட்டே கெடந்தா எப்புடிய்யா பேலன்ஸ் நிக்கும்?"

அதற்குள் பஸ்ஸில் வந்து சேர்ந்து கடையில் உட்கார்ந்திருந்த அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "நாந்தாம்ப்பா. சந்துல கருவை முள்ளாக் கெடக்கு. நீ அங்கிட்டு இங்கிட்டுப் போற ஆளு, வழியில நின்னுறக் கூடாதேன்னு பஞ்சர் கடைக்காரரக் கூட்டியாந்து ஊத்தச் சொன்னேன்."

அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். "மாட்டு வண்டின்னு நெனச்சீங்களா? ஒங்களுக்கு என்ன தெரியும்னு இதுல கைய வைக்கிறீங்க?" என்றான். கடைக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். பெற்றவரை நிற்கவைத்துப் பல்லிளிப்பு! பச்சைச் சளிகூடக் கழுவினால் போய்விடும். ச்சீ, இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது எனக்கு.

நாலு டயரையும் கழுவித் துடைத்து, பழைய ஈயத்தையெல்லாம் பிடுங்கிப் புதிதாக ஒட்டி, மெஷின் சைபர் காட்டும்வரை செய்தார்கள். அண்ணன் பைபாஸில் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்தான். துளி ஆட்டமில்லை. "அப்பா, வாங்க" என்று கூப்பிட்டான். நாற்காலி காலி.

ஊர்ப் பஸ்ஸை அறந்தாங்கி ரோட்டில் காரில் எட்டிப் பிடித்துவிட்டோம். ஜன்னலோரம் அப்பா. அந்தப் பறக்கிற வண்டியை அண்ணன் பஸ்ஸின் பின்னாலேயே உருட்டினான். ஒரு நிறுத்தத்தில் இறங்கி ஓடி, ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

"அப்பா, எறங்குங்கப்பா. வண்டி இப்ப ஆடவே இல்ல."

"டிக்கெட் எடுத்துட்டேம்ப்பா. நீ போ" என்றார். குரலில் கோபமே இல்லை.

ஊர் வரைக்கும் அப்படியே பின்னால் போனோம். காரை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பஸ்ஸில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன கேடு வந்திருக்கும்? வறட்டு ரோசம் விடவில்லை அந்த மடையனை. அப்பாவும் கடைசி வரைக்கும் அந்தக் காரில் ஏறவே இல்லை.

இப்போது அப்பா இல்லை. காரை விற்றாயிற்று. லீவில் வந்தால் அண்ணன் பஸ்ஸில்தான் ஊருக்கு வருகிறான், பக்கத்து சீட்டில் யாராவது தெரியாதவர் உட்கார்ந்திருப்பார்.